நூலளவு ஓரம்

அந்த ஓரம் மறுபடியும் கை நழுவிப் போனது.

வெர்னா கங்காஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸை மெல்ல, மிக மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். திரையில் அம்புக்குறி சாளரத்தின் விளிம்பை நெருங்கியது. இதோ வந்துவிட்டது என்று விரல் அழுத்துவதற்குள் கை ஒரு முறை உதறிக்கொண்டது. அம்பு விளிம்பைத் தாண்டிப் போய், பின்னால் கிடந்த வேறு எதையோ திறந்துவிட்டது.

“நாசமாப் போக!” என்று கத்தினாள், வீட்டில் யாரும் இல்லை என்ற தைரியத்தில்.

“யாரு? நானா?” என்று கேட்டுக்கொண்டே பின்கதவைத் தள்ளித் திறந்தாள் பக்கத்து வீட்டு மேவிஸ் டிரெவாரோ. பூட்ஸில் ஒட்டிய பனியை மிதியடியில் தட்டினாள். புருஷன் மான் வேட்டைக்குப் போய்க் காட்டுக் குடிசையில் உட்கார்ந்துவிட்டால், நவம்பர் முழுக்க மேவிஸுக்கு வெர்னாவின் சமையலறைதான் வீடு.

“உன்னைச் சொல்லலை மேவிஸ். இந்த ஓரத்தைச் சொல்றேன். நூல் மாதிரி வெச்சிருக்கான். பிடிக்கவே முடியலை.”

“யாரு வெச்சிருக்கான்?”

வெர்னா எப்படிச் சொல்வாள்? அதை அப்படி வைத்தவன் அவள் பெற்ற மகன்.

ஹான்காக் ஊரின் மேட்டுத் தெருவில், சுப்பீரியர் ஏரிக் காற்று நேரே வந்து மோதுகிற வீடு அவளுடையது. பெரிய புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு சொல்லடைவு இருக்கும் அல்லவா? அதைத் தயாரிப்பதுதான் அவள் பிழைப்பு. இடப்பக்கம் புத்தகத்தின் பக்கம், வலப்பக்கம் அவள் எழுதும் அடைவு. படம் வந்தால் இடப்பக்கத்தை அகலமாக்க வேண்டும். எழுதும்போது வலப்பக்கத்தை இழுக்க வேண்டும். நாள் முழுக்க ஓரத்தைப் பிடித்து இழுப்பதும் தள்ளுவதும்தான் வேலை. கணவன் ஆர்விட் இறந்த பிறகு அந்த வேலைதான் அவளை அந்த வீட்டில், அவள் இஷ்டப்படி, யாரையும் கேட்காமல் இருக்க வைத்தது. இப்போது மேஜையில் இருந்தது மீன்களுக்கு வரும் நோய்களைப் பற்றிய தடித்த புத்தகம். கிறிஸ்துமஸுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

கணினியில் ஓடியது டாமராக். காசு கொடுத்து வாங்கும் இயங்குதளம் அல்ல. உலகமெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுப்பது. கல்லூரியில் படித்த காலத்தில் மகன் ஈரோ இதே வீட்டின் நிலவறையில், சானா எனும் வெந்நீராவிக் குளியலறைக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து அதற்காக உழைத்தான். ஒரு நாள் மேலே ஓடி வந்து, “அம்மா, இனிமே நீ இதைத்தான் பயன்படுத்தணும்” என்று அவள் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. இப்போது அவன் நாட்டின் மறுகோடியில், ஆரிகனின் போர்ட்லண்டில் இருக்கிறான். டாமராக்கின் தோற்றக் குழுவுக்கு அவன்தான் தலைவன். புதுப் பதிப்பு வெளியானால் முதல் ஆளாக ஏற்றிக்கொள்பவள் வெர்னா. கடைத்தெருவில் பார்ப்பவர்களிடம் எல்லாம், “அது என் பையன் செஞ்சது” என்று சொல்லிச் சொல்லி மேவிஸின் காதே புளித்துப் போயிருந்தது.

அந்தப் பெருமையோடுதான் இந்தக் கோடையில் புதுப் பதிப்பையும் ஏற்றினாள்.

ஏற்றி முடித்ததும் திரை விழித்தது. பார்க்க அழகுதான். பனி மூடிய வயலைப் போல எல்லாம் வெளுத்து, சுத்தமாக இருந்தது. ஆனால் சாளரங்களின் தடித்த ஓரங்களைக் காணோம். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் பட்டை, அருகே போனால் மட்டும் தலைகாட்டிவிட்டு ஓடி ஒளிந்தது. பொத்தான்களில் இருந்த பெயர்கள் போய், புள்ளியும் கோடுமாக மங்கலான சின்னங்கள் நின்றன. நல்ல கை உள்ளவர்களுக்கு அது புதுமை. வெர்னாவின் கையோ, அந்த வசந்தத்திலிருந்தே நடுங்கத் தொடங்கியிருந்தது.

“ஈரோவுக்குப் போன் போட்டுச் சொல்லேன்டி” என்றாள் மேவிஸ், காப்பியை ஊற்றிக்கொண்டே. “உன் பையன்தானே? ரெண்டு நிமிஷ வேலை.”

“என்னன்னு சொல்றது? கை நடுங்குதுடா, பிடிக்க முடியலைடான்னா? அடுத்த விமானத்துல வந்து நிப்பான். வீட்டை வித்துடு, என்னோட வந்துடுன்னு ஏற்கெனவே ரெண்டு வருஷமா அதே பாட்டு. இது தெரிஞ்சா என்னைப் பெட்டியில மடிச்சு வெச்சுக் கொண்டு போயிடுவான்.”

“டாக்டர்கிட்டயாவது போனியா?”

“பனிக்காலம் முடியட்டும்.”

“எந்த வருஷத்துப் பனிக்காலம்?”

வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகனிடம் சொல்லாவிட்டாலும் அவள் சும்மா இருக்கவில்லை. டாமராக்குக்கு ஒரு யோசனைப் பலகை உண்டு. பயன்படுத்துகிற எவரும் அங்கே போய், இதை இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று எழுதலாம். மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். குழுவினர் பார்த்துச் சரி என்பார்கள், அல்லது பூட்டிவிடுவார்கள். பூட்டிய யோசனைக்குக் கீழே யாரும் எதுவும் எழுத முடியாது. வெர்னா அங்கே ‘பனிமேடு’ என்ற பெயரில் நுழைந்தாள். பெற்ற மகனின் படைப்பில் குறை சொல்ல, ஒரு தாய் முகமூடி போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

சாளரத்தின் ஓரத்தைத் தடிமனாக்குங்கள், அல்லது தடிமனாக்க ஒரு வழியாவது வையுங்கள் என்று மரியாதையாக எழுதினாள். மறுநாளே பூட்டிவிட்டார்கள். ‘இதே யோசனை முன்னமே வந்துவிட்டது, அங்கே பாருங்கள்.’ அங்கே போனாள். அது வேறொரு யோசனையைக் காட்டியது. அதற்குப் போனால் அது இன்னொன்றைக் காட்டியது. கடைசியில் அந்த இன்னொன்று, அவள் எழுதியதையே காட்டிக்கொண்டு நின்றது. வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அழுகை வந்தது.

விடாமல் மறுபடி எழுதினாள். ஒருவன் வந்து, ‘மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது, நீங்களே மாற்றிக்கொள்ளலாமே’ என்றான். இன்னொருவன், விசைப்பலகையில் ஒரு விசையை இடக்கையால் அழுத்திக்கொண்டே மவுஸை வலக்கையால் இழுத்தால் ஓரமே தேவையில்லை என்று பாடம் நடத்தினான். இடக்கையும் நடுங்குகிறதே என்று அவள் எழுதவில்லை. அல்பெர்ட்டா மாகாணத்திலிருந்து ஒரு மனிதர் மட்டும் அவள் பக்கம் நின்றார். மர ஆலையில் இரண்டு விரல்களை இழந்தவராம். ‘பனிமேடு சொல்வது சரி. நானும் தினமும் இந்த ஓரத்தோடு மல்லுக்கட்டுகிறேன்’ என்று எழுதியிருந்தார். அந்த யோசனையும் பூட்டப்பட்டது.

மூன்றாவது முறை, ‘குறையைக் காட்டும் திரைப்பதிவு இருந்தால் இணைக்கவும்’ என்று கேட்டார்கள். அன்று வெர்னா வெகுநேரம் யோசித்தாள். அவள் திரையின் பின்னணியில் இருந்தது ஆர்விட்டின் படம்: உறைந்த ஏரிமேல் தூண்டிலோடு உட்கார்ந்து சிரிக்கிறார். எடுத்தவன் ஈரோ. பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான். நடுங்கும் கையால் அந்தப் படத்தை நீக்கினாள். கணவன் சிரித்த இடத்தில் வெறும் சாம்பல் நிறத்தைப் போட்டாள். பிறகு பதிவை ஓடவிட்டு ஓரத்தைப் பிடிக்க முயன்றாள். அம்புக்குறி முன்னும் பின்னும் தத்தளித்தது. விளிம்பைத் தொட்டது, தாண்டியது, திரும்பியது, மறுபடி தாண்டியது. ஒரு முறைகூடப் பிடிபடவில்லை. அப்படியே அனுப்பினாள்.

பதில் வந்தது. இம்முறை எழுதியவன் தோற்றக் குழுத் தலைவனே.

‘பதிவைப் பார்த்தேன். இது மவுஸில் உள்ள கோளாறு. வேறு மவுஸ் வாங்கிப் பாருங்கள். நம் பக்கம் செய்ய எதுவும் இல்லை. பூட்டுகிறேன். — ஈரோ கங்காஸ்.’

அவள் பாலூட்டி வளர்த்த மகனின் கை எழுதிய வரிகள். எழுதியவனுக்கு யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாது. படித்தவளுக்கோ எழுதியவன் யாரென்று நன்றாகத் தெரியும். வெர்னா திரையை மூடிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்தபடி நின்றாள். நெஞ்சு வலித்தது. அதைவிட, கோபம் வந்தது.

மேவிஸ் வற்புறுத்தி நான்காவது யோசனையையும் எழுத வைத்தாள். அதைக் கேள்வியே கேட்காமல் பூட்டினார்கள்.

இதற்கிடையே, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு ஈரோ வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே அம்மாவைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான். வெர்னா கைகளை ஏப்ரனின் பைகளுக்குள் நுழைத்துக்கொண்டு, “மெலிஞ்சுட்டேடா” என்றாள். வியாழக்கிழமை முழுவதும் அவள் மகன் முன்னால் கையை நீட்டவே இல்லை. வான்கோழியை அவனையே வெட்டச் சொன்னாள். ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியை மேவிஸ் அறுத்துப் பரிமாறினாள். தன் காப்பிக் கோப்பையை வெர்னா பாதி மட்டும் நிரப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூகம்பம் வேறு வழியாக வந்தது.

“அம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்” என்று தன் மடிக்கணினியையும் மவுஸையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தான் ஈரோ. “அடுத்த மாசம் புது டிசைன் பத்திப் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி சாதாரண ஆள் ஒருத்தர் பயன்படுத்துறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். எங்க வழக்கம் அது.”

“சாதாரண ஆளா? மேவிஸ் இருக்காளே.”

“ஐயோ, எனக்கு டிவி ரிமோட்டே தகராறு” என்றாள் மேவிஸ். “நீயே உக்காரு வெர்னா. எத்தனை நாளைக்குத்தான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே இருப்பே?” சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கண்ணைச் சிமிட்டினாள்.

வெர்னாவுக்குத் தோழியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

“பாத்திரத்தை நான் தேய்க்கிறேன்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் ஈரோ. “விதி இதுதான். நான் வாயே திறக்க மாட்டேன், உதவி பண்ண மாட்டேன். உன் மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். புரியலைன்னா புரியலைன்னு சொல்லு, எரிச்சல் வந்தா திட்டு. தப்பு உன் மேல இல்லை, எப்பவும் எங்க மேலதான். முதல்ல, ரெண்டு விண்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒண்ணை மட்டும் அகலமாக்கு. உன் தினப்படி வேலைதானே?”

தப்பிக்க வழியில்லை. வெர்னா உட்கார்ந்தாள். வலக்கையை மவுஸின் மேல் வைத்து, இடக்கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஈரோ அவள் தோளுக்குப் பின்னால் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான்.

அம்புக்குறி நகர்ந்தது. விளிம்பைத் தாண்டியது. திரும்பியது. மறுபடி தாண்டியது.

“வாய்விட்டுச் சொல்லுமா.”

“ஓரத்தைத் தேடறேன்.”

மறுபடியும் போனது, வந்தது. ஈரோவின் பேனா நின்றுவிட்டது. உதவ வேண்டும் என்று அவன் உடம்பு முன்னால் வருவதும், விதியை நினைத்துப் பின்னால் போவதுமாக இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் போனது.

“மவுஸ்ல ஏதோ கோளாறுமா. குடு.”

வெர்னா சட்டென்று கையை எடுத்தாள். அதே சொற்கள்! முகத்துக்கு நேராக, அதே சொற்கள்.

ஈரோ மவுஸை வாங்கி நகர்த்தினான். அம்புக்குறி வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தைப் பிடித்தது. சாளரம் அகன்றது, குறுகியது. எந்தக் கோளாறும் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு” என்று முணுமுணுத்தபடி அதை அம்மாவின் கையில் திருப்பி வைத்தான். அப்போது அவன் விரல்கள் அவள் விரல்களின் மேல் பட்டன.

அவன் கையை எடுக்கவில்லை. அந்த நடுக்கம் அவன் உள்ளங்கைக்குள் ஒரு சின்னப் பறவையைப் போலத் துடித்தது. திரையில் அம்புக்குறி தத்தளித்தது. போனது, தாண்டியது, திரும்பியது. அந்தத் தத்தளிப்பை அவன் முன்பே பார்த்திருக்கிறான். சாம்பல் நிறப் பின்னணியில் பார்த்திருக்கிறான்.

“பனிமேடு...” என்றான்.

மேவிஸ் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள்.

“அம்மா, ஏன்மா எங்கிட்டச் சொல்லலை?”

“சொன்னேன்.” அவள் குரல் அமைதியாகத்தான் தொடங்கியது. “நாலு தடவை சொன்னேன். பூட்டிட்டீங்க.”

“அது நீன்னு எனக்குத் தெரியாதே!”

“தெரியலைன்னா? தெரியாத பொம்பளைன்னா புது மவுஸ் வாங்கிக்கோன்னு விரட்டிடுவியா? மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்லுன்னியே, இப்பச் சொல்றேன் கேளு. உன் விண்டோவுக்கு ஓரமே இல்லைடா. உன் பட்டை என்னைக் கண்டா ஒளியுது. உன் பொத்தான்ல என்ன எழுதியிருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். அழகா இருக்கணும்னு எல்லாத்தையும் இழைச்சு இழைச்சு நூலாக்கி வெச்சிருக்கே. நல்ல கை இருக்கறவனுக்கு மட்டும்தானா கம்ப்யூட்டர்? நான் தினம் ராத்திரி படுக்கும்போது, கைதான் கெட்டுப்போச்சா, புத்தியும் கெட்டுப்போச்சான்னு பயந்துக்கிட்டே படுக்கறேன். தப்பு உங்க மேலன்னு இப்பச் சொல்றியே, அதை அங்க ஒரு தடவை எழுதியிருக்கக் கூடாதா?”

ஈரோவின் கண்கள் நிறைந்துவிட்டன. நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் மண்டியிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பிறகு, அவள் எதற்கு இத்தனை மாதம் பயந்தாளோ அதையே சொன்னான்.

“போர்ட்லண்டுக்கு வந்துடும்மா. இந்த நிலைமையில நீ தனியா இருக்க வேண்டாம். இந்த வீட்டை...”

வெர்னா கைகளை உருவிக்கொண்டாள்.

“நான் கேட்டது ஓரம்டா. வீடு கேட்கலை.”

மேவிஸ்தான் குறுக்கே வந்தாள். “ரெண்டு பேரும் அழுது முடிச்சா ரொட்டி இருக்கு. காப்பியை நான் ஊத்தறேன். உங்க அம்மாவுக்கு முழுக் கோப்பை ஊத்தினா மேஜையெல்லாம் குளம்தான். மூணு மாசமாத் துடைக்கறவ நான்.”

ஈரோ அழுகைக்கு நடுவே சிரித்தான். வெர்னா சிரிக்கவில்லை.

சாயங்காலமே அவன் அவள் கணினியின் முன் உட்கார்ந்துவிட்டான். “உன் மெஷின்ல மட்டும் ஓரத்தைத் தடிமனாக்கிக் குடுத்துடறேன்மா. பத்து நிமிஷம்.”

“எனக்கு மட்டும் வேண்டாம்.”

“பிடிவாதம் பிடிக்காதே. மீன் புத்தகத்தை எப்படி முடிப்பே?”

“அல்பெர்ட்டாக்காரர் ரெண்டு விரல் இல்லாம முடிக்கறார். அவரோட பையனா டிசைன் டீம்ல இருக்கான்? எல்லாருக்கும் செய். அப்புறம் நான் வாங்கிக்கறேன்.”

வாதாடிப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். கடைசியில் பூட்டிய யோசனையைத் தானே திறந்து, ‘என் தீர்ப்பு தவறு. குறை மவுஸில் இல்லை, நம்மிடம்தான்’ என்று எழுதினான். அவள் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் படித்தாள். என் பெயரைப் போடாதே என்றாள். அவன் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறும் முன், “டாக்டர்கிட்டப் போவியா?” என்று கேட்டான்.

“போறேன். நீ வீட்டுப் பேச்சை எடுக்காம இருந்தா.”

“பெரிய நோய் ஏதாவதுன்னு டாக்டர் சொன்னா எடுப்பேன்.”

“சொல்லட்டும், பார்க்கலாம்.”

டாக்டர், நரம்பின் நடுக்கம்தான், வேறு பெரிய நோய் இல்லை என்றார், மாத்திரை கொடுத்தார். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மீன்களின் நோய்களைக் கிறிஸ்துமஸுக்குள் முடிக்க முடியவில்லை. பதிப்பகத்தாரிடம் வாழ்க்கையில் முதல் முறையாகத் தவணை கேட்டாள். அவமானத்தில் அன்று அவள் சாப்பிடவில்லை.

தலைவன் சொன்னால் உடனே நடந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். நடக்கவில்லை. ‘அழகு கெடும்’ என்று குழுவில் இருவர் முரண்டு பிடித்தார்கள். ஒருவன் ஈரோவின் யோசனைக்கே, ‘இது முன்னமே வந்துவிட்டது’ என்று முத்திரை குத்தினான். ஈரோ போனில் கத்தியே விட்டான்.

“எப்படிமா இவங்களோட பேசறது? என்ன சொன்னாலும் பழையதைக் காட்டறாங்க!”

“அப்படியா?” என்றாள் வெர்னா. அந்த ஒரு சொல்லில் ஒரு கோடைகாலமும் ஓர் இலையுதிர்காலமும் இருந்தன.

ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய நாளில் புதுப் பதிப்பு வந்தது. வெர்னா ஏற்றினாள். திரை விழித்தது. ஓரம் அதே நூலாகத்தான் இருந்தது. போனில் ஈரோ வழி சொன்னான்.

“அமைப்புகளுக்குப் போமா. அதுல தோற்றம். அதுல மேலும். கீழே இறங்கு. இன்னும் கீழே. அங்க மறுபடியும் மேலும்னு ஒண்ணு இருக்கும்.”

“கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இருக்குடா.”

“அவ்வளவு ஆழத்துல வைக்கத்தான் ஒத்துக்கிட்டாங்கமா.”

அங்கே இருந்தது: ஓரத்தின் தடிமன். வெர்னா அதை நகர்த்தினாள். சாளரங்களைச் சுற்றி, விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறக் கரை ஒன்று எழுந்து நின்றது. அவள் கையை நீட்டினாள். கை நடுங்கியது. அம்புக்குறி தத்தளித்தது. ஆனால் தத்தளிக்க அதற்கு இப்போது இடம் இருந்தது. பிடித்தாள். இழுத்தாள். மீன் நோய்களின் பக்கம் முழு அகலத்துக்கு விரிந்தது. கண்ணீர் வழிய, பின்னணியில் மறுபடியும் ஆர்விட்டை வைத்தாள்.

அந்த வாரமே புத்தகத்தை முடித்து அனுப்பினாள்.

அடுத்த மாதம் சின்னதாக ஒரு திருத்தப் பதிப்பு வந்தது. ஏற்றினாள். ஓரம் மறுபடியும் நூலாகிக் கிடந்தது.

மேவிஸ் பின்கதவைத் திறந்து வந்தபோது வெர்னா யோசனைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ‘தடிமன் அமைப்பை முதல் பக்கத்துக்குக் கொண்டு வரவும். புதுப் பதிப்பு ஏற்றும்போது அதை அழிக்காமல் இருக்கவும்.’ கீழே இந்த முறை பனிமேடு இல்லை. வெர்னா கங்காஸ், ஹான்காக் என்று முழுப்பெயர் இருந்தது.

“எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேடி, அவன் அம்மான்னு” என்றாள் மேவிஸ்.

“தெரியட்டும்.”

சற்று நேரத்தில் போன் அடித்தது.

“அம்மா, இப்பத்தான் பார்த்தேன்.”

“பூட்டிட்டியா?”

“இல்லைமா. ஓட்டுக்கு விட்டிருக்கேன். ஆனா மூணுதான் விழுந்திருக்கு. நீ, நான், அல்பெர்ட்டாக்காரர்.”

வெர்னா திரும்பித் தோழியைப் பார்த்தாள்.

“என்னை ஏன் பார்க்கறே?” மேவிஸ் ரொட்டியைக் கடித்த வாயோடு பின்வாங்கினாள். “எங்கிட்டக் கம்ப்யூட்டரே கிடையாது!”

“உக்காரு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் வெர்னா.